பெருந்தீனியா, பழைய காயமா?



நீரிழிவு வார்டில் காலையில் படுக்கை விரிப்பு மாற்றுகிற செவிலியர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. விரிப்பை உருவும்போதே மெத்தையின் ஓரத்தையும் சற்றுத் தூக்கிப் பார்த்துக்கொள்வார்கள். பன் பொட்டலம், மிக்சர், ரஸ்க், சில சமயம் செய்தித்தாளில் மடித்த வெல்லக்கட்டி அங்கே அகப்படும். பார்க்க வந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போனதாயிருக்கும். அல்லது நோயாளியே யாரிடமாவது காசு கொடுத்து வாசல் கடையிலிருந்து வாங்கிவரச் சொன்னதாயிருக்கும். வார்டு சிஸ்டர் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். கொஞ்சம் கண்டிப்பார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் இருக்கும்.

இத்தனை வருஷமாக இதை நாங்கள் ஒரு சிறு வேடிக்கையாகவே பார்த்துவந்தோம். வேடிக்கையாகப் பார்க்காத நாட்களில் பாவமாகப் பார்த்தோம். இரண்டு பார்வையும் போதாது என்பதை ஒரு சகோதரியின் மூலமாகக் கற்றுக்கொண்டோம். இந்த மாதப் பாடம் அவரைக் குறித்தது. அவருடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறோம்.

அவருக்கு நாற்பதுகளின் பிற்பகுதி. எடை நூறு கிலோவைத் தாண்டியிருந்தது. இடது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே ஆறாத புண்ணோடு வந்து சேர்ந்தார். சர்க்கரை இறங்கினால்தான் புண் ஆறும். மருத்துவர் இன்சுலின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார், சர்க்கரை இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் மெத்தைக்கடியிலிருந்து காரணம் வெளிப்பட்டது. "ஐயா, நாங்க சொல்லிப் பாத்தாச்சு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று சிஸ்டர் எங்களிடம் வந்தார்.

சொன்னோம். சரீரத்தை ஆலயத்துக்கு ஒப்பிட்டுப் பவுல் அப்போஸ்தலன் கொரிந்து சபைக்கு எழுதிய பகுதியை வாசித்தோம். போஜனப்பிரியரைக் குறித்து நீதிமொழிகள் எச்சரிப்பதையும் எடுத்துச்சொன்னோம். குரலை உயர்த்தவில்லை. அன்பாய்ச் சொன்னதாகவே எங்களுக்கு எண்ணம். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஜெபிக்கும்படி கேட்டார். ஜெபம் முடிந்ததும் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டார். அன்று இரவும் சாப்பிட்டார். இப்படியே பதினொரு நாள் போயிற்று. பன்னிரண்டாம் நாள் இரண்டு கால்விரல்களை எடுக்கவேண்டியதாயிற்று.

அறுவைசிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் இரவு. பணியிலிருந்த ஆயா ஒருவர், இந்தச் சகோதரி இருட்டில் மெத்தைக்கடியில் கையை விட்டுத் துழாவுவதைக் கண்டார். ஆயாவுக்கு வேதசாஸ்திரப் பட்டம் இல்லை. உணவியல் பட்டயமும் இல்லை. பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஏம்மா, பசிக்குதா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

"பசியெல்லாம் இல்லக்கா. இருக்கான்னு பாத்தேன்."

அன்று மூன்று மணிவரை இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு பல நாட்களில், கொஞ்சம் கொஞ்சமாக, எங்களிடமும் அவர் சொன்னார். ஆறு வயதில் தாய் இறந்துபோனார். தகப்பன் பிழைப்புக்கு வெளியூர் போனவர், பிள்ளையை உறவினர் வீட்டில் விட்டுச் சென்றார். அந்த வீட்டில் எட்டுப் பேர். எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபின் பாத்திரத்தில் ஒட்டியிருப்பதுதான் இந்தப் பிள்ளைக்கு. சில நாள் ஒட்டியும் இராது. சாமான் அறையின் சாவி வீட்டுக்காரம்மாளின் இடுப்பிலேயே இருக்கும். ஒரு தடவை வெல்லத்துண்டு எடுத்து அகப்பட்டுக்கொண்டதற்குக் கரண்டிக் காம்பால் வாங்கிய அடியின் தழும்பு இன்னும் முழங்கைக்கு மேலே இருக்கிறது. கிடைத்ததைப் பாவாடை மடிப்பில் ஒளித்து, அடுப்படி மூலையில் படுத்தபின் இருட்டில் சாப்பிடக் கற்றுக்கொண்டார். பத்தொன்பது வயதில் கலியாணமாகிப் போன வீட்டில் குறைவில்லை. "அரிசி மூட்டை அடுக்கியிருக்கிற வீடுதான் ஐயா. ஆனாலும் ராத்திரி எந்திரிச்சிப் போயி பானையத் தொட்டுப் பாத்துட்டு வருவேன். தொட்டா சும்மா வரமுடியாது" என்றார்.

நாங்கள் இருதயம் குத்துண்டவர்களாய்த் திரும்பி வந்தோம். பதினொரு நாள் அந்தப் படுக்கையருகே நின்றும் அந்தத் தழும்பைப் பார்த்திருக்கவில்லை.

இது ஒரு சகோதரியின் கதை மாத்திரமா, அல்லது இதற்குப் பின்னால் ஏதாவது உண்டா என்று எங்கள் மருத்துவர்களிடம் கேட்டோம். உண்டு என்றார்கள். அவர்கள் கொடுத்த கட்டுரைகளை வாசித்து நாங்கள் புரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்ல விரும்புகிறோம்.

அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், கைசர் பெர்மனென்டே என்னும் மருத்துவ நிறுவனத்தில் நோய்த்தடுப்புப் பிரிவை நடத்திவந்தவர் டாக்டர் வின்சென்ட் ஃபெலிட்டி. 1980களில் அவர் அளவுக்கு மிஞ்சிப் பருத்தவர்களுக்காக ஓர் எடைக்குறைப்புச் சிகிச்சையை ஏற்படுத்தினார். வழக்கமான உணவை நிறுத்தி, மருத்துவக் கண்காணிப்பில் சத்துப் பானங்களை மட்டும் கொடுக்கிற முறை. எடை நன்றாகவே குறைந்தது. ஆனால் 1985 வாக்கில் ஒரு புதிர் அவரைக் கலங்கடித்தது. எடை குறையாதவர்கள் சலித்து விலகினால் அதில் அதிசயமில்லை. இங்கேயோ, நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் ஓடிப்போனார்கள். போனவர்கள் இழந்த எடையெல்லாம் மறுபடி ஏற்றிக்கொண்டார்கள்.

காரணம் அறிய அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாழ்க்கை வரலாற்றைக் கேட்டார். பிறந்தபோது எடை என்ன, பள்ளியில் சேர்ந்தபோது என்ன என்று வரிசையான கேள்விகள். ஒருநாள் அவருக்கு நாக்குத் தவறிவிட்டது. முதன்முதல் பாலுறவு ஏற்பட்டபோது வயது என்ன என்று கேட்கவேண்டிய இடத்தில், எடை என்ன என்று கேட்டுவிட்டார். எதிரே இருந்த பெண் 40 பவுண்டு என்றாள். நம் கணக்கில் 18 கிலோ. தாம் சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடி கேட்டார். அதே பதிலைச் சொல்லி அவள் அழுதாள். அப்போது அவளுக்கு நான்கு வயது. கொடுமை செய்தவர் சொந்தத் தகப்பன்.

இப்படி 286 பேரிடம் விசாரித்ததில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரியவந்தது. இன்னும் ஒன்றும் தெரிந்தது. பருத்தவளை ஆண்கள் திரும்பிப் பார்ப்பதில்லை, எனக்கு வேண்டியதும் அதுதான் என்ற பொருளில் ஒரு பெண் அவரிடம் சொன்னாள். மருத்துவர் நோய் என்று நினைத்தது அவளுக்கு மதில் சுவராயிருந்தது. சுவரை இடிக்க வந்தவரைவிட்டு அவள் ஓடினதில் என்ன ஆச்சரியம்!

1990ஆம் ஆண்டு அட்லாண்டா நகரில், உடற்பருமனை ஆராயும் நிபுணர்களின் கூட்டத்தில் ஃபெலிட்டி இதைச் சொன்னபோது கேட்டவர்கள் நம்பவில்லை. தோற்றுப்போன வாழ்க்கைக்கு நோயாளிகள் கண்டுபிடித்த சாக்கு என்றவர்களும் உண்டு. (நாங்கள் அவர்களைக் குறைசொல்லும் நிலையில் இல்லை.) பின்பு அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த டாக்டர் ராபர்ட் ஆண்டாவும் அவரும் சேர்ந்து, 1995 முதல் 1997 வரை 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் சிறுவயது அனுபவங்களைக் கேட்டுப் பதிவு செய்தார்கள். அடி, வசவு, பாலியல் கொடுமை, கவனிப்பாரற்ற நிலை, வீட்டில் குடிகாரர் இருப்பது, தாய் அடிபடுவதைப் பார்ப்பது, பெற்றோர் பிரிவு போன்றவை கேள்விகள். பதில் சொன்னவர்கள் சேரிவாசிகள் அல்ல. பெரும்பாலோர் கல்லூரி வாசல் மிதித்த, மருத்துவக் காப்பீடு உள்ள நடுத்தர வகுப்பினர். ஆயினும் மூவரில் இருவர் அளவுக்கு இவற்றில் ஒன்றையாவது அனுபவித்திருந்தார்கள். எட்டில் ஒருவர் நான்கையோ அதற்கு மேலோ.

1998இல் வெளிவந்த முதல் அறிக்கையின்படி, அந்த நான்கு அனுபவங்களைக் கடந்தவர்களுக்கு, ஒன்றுமே அனுபவியாதவர்களைவிட, குடிப்பழக்கம், போதைப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவை 4 முதல் 12 மடங்குவரை அதிகமாய்க் காணப்பட்டன. கடுமையான உடற்பருமனில் அந்த வித்தியாசம் சிறியது. ஏறக்குறைய ஒன்றரை மடங்குதான். இதை மறைக்காமல் சொல்லவேண்டும். சாப்பாட்டில் தஞ்சம் புகுகிறவர் எல்லாரும் பருத்துப்போவதில்லை. பருத்தவர் எல்லாரும் சாப்பாட்டில் தஞ்சம் புகுந்தவர்களும் அல்ல. ஆகவே எடை ஒன்றை மட்டும் பார்த்தால் காயம் சரியாகத் தெரியாது.

அதைச் சரியாக அளக்கும் முயற்சியாக, 2009இல் யேல் பல்கலைக்கழகத்தார் 25 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை அமைத்தார்கள். மதுவுக்கும் போதைப்பொருளுக்கும் அடிமைப்பட்டவர்களிடம் மருத்துவர்கள் தேடுகிற அறிகுறிகளையே உணவுக்குப் பொருத்திக் கேட்டார்கள். நினைத்ததைவிட அதிகம் சாப்பிடுகிறீர்களா, நிறுத்த முயன்று தோற்றதுண்டா, கெடுதல் என்று தெரிந்தும் விடமுடியவில்லையா என்பது போன்ற கேள்விகள். இதை வைத்து அமெரிக்காவில் 57,000க்கும் மேற்பட்ட செவிலியர்களிடம் செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. நூற்றுக்கு எட்டுப் பேருக்கு உணவு அடிமைத்தனத்தின் அடையாளங்கள் இருந்தன. சிறுவயதில் கடுமையாக அடிபட்டவர்களுக்கும், கடுமையான பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களுக்கும் அந்த அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு; இரண்டையும் அனுபவித்தவர்களுக்கு அதற்கும் மேல். கேள்விக்குப் பதில் எழுதினவர்கள் செவிலியர்கள் என்பதைக் கவனியுங்கள். கலோரிக் கணக்குத் தெரியாதவர்கள் அல்ல. மற்றவர்களுக்குப் பத்தியம் சொல்லிக்கொடுக்கிறவர்கள்.

"உணவு அடிமைத்தனம்" என்ற பெயரை எல்லா மருத்துவர்களும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். மதுவை அறவே விட்டுவிடலாம். சோற்றை அறவே விடமுடியுமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013இல் திருத்தி வெளியிட்ட நோய்ப் பட்டியலிலும் இந்தப் பெயர் இல்லை. ஆனால் கட்டுமீறி உண்ணும் கோளாறு, அதாவது குறுகிய நேரத்தில் அளவுமீறிச் சாப்பிட்டு, நிறுத்தமுடியாமல் தவித்து, பின்பு வெட்கப்படுவது, அதில் ஒரு தனி நோயாகவே இடம்பெற்றது. பெயர் எதுவானாலும் படுக்கையில் இருப்பவர் ஒருவர்தானே.

இது எப்படி நடக்கிறது? அச்சம் உண்டாகும்போது நம் சரீரம் கார்டிசால் என்னும் சுரப்பை வெளிவிடுகிறது. ஆபத்து நீங்கினதும் அது தணியவேண்டும். ஆபத்து நீங்காத வீட்டில் வளருகிற பிள்ளைக்கு அது எளிதில் தணிவதில்லை. நீடித்த கார்டிசால் பசியைத் தூண்டுகிறது. அதிலும் இனிப்பையும் கொழுப்பையும் கேட்கிறது. அவற்றைச் சாப்பிட்டால் மூளையில் இன்பத்தை உணர்த்தும் பகுதி விழித்துக்கொள்கிறது; கொஞ்ச நேரத்துக்குக் கலக்கம் அடங்குகிறது. அம்மா இல்லாத இடத்தில், அழுதால் தூக்குவார் இல்லாத இடத்தில், ஒரு துண்டு வெல்லம் அந்த வேலையைச் செய்தால் பிள்ளை அதைக் கற்றுக்கொள்ளாமல் என்ன செய்யும்? ஆறு வயதில் கற்ற பாடத்தை நாற்பத்தாறு வயதிலும் கை மறப்பதில்லை. அந்தப் பிள்ளை செய்தது புத்திகெட்ட காரியம் அல்ல. அந்த வீட்டில் உயிரோடிருக்க அதுவே அவளுக்குக் கிடைத்த வழி.

பசி ஒருவரை எவ்வளவு மாற்றும் என்பதற்கு இன்னொரு சாட்சி உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசிக் காலத்தில், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஆன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை வைத்து ஒரு பரிசோதனை நடத்தினார். மனச்சாட்சியினிமித்தம் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள் அவர்கள். அவர்களில் பலர் மெனோனைட், பிரதரன், குவேக்கர் சபைகளைச் சேர்ந்த விசுவாசிகள். பட்டினியால் வாடும் ஐரோப்பிய ஜனங்களை எப்படி ஊட்டி எழுப்புவது என்று அறியத் தங்கள் சரீரத்தை மனமுவந்து கொடுத்தார்கள். 1945இல் ஆறு மாதம் அரைவயிறு உணவு. உடலெடையில் ஏறக்குறைய கால்பங்கு போயிற்று. அதைவிட விசேஷமானது அவர்கள் மனதுக்கு நேர்ந்தது. எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், கனவிலும் அதையே கண்டார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்து வாசித்தார்கள், தட்டை நக்கினார்கள். சோதனை முடிந்து வேண்டியமட்டும் கொடுத்தபோது, வயிறு நிறைந்தும் சிலரால் நிறுத்தமுடியவில்லை. அவர்களோ வளர்ந்தவர்கள், தாங்களே முன்வந்தவர்கள், என்றைக்கு முடியும் என்று தேதி அறிந்தவர்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தேதி யார் சொன்னார்கள்?

இங்கே ஒரு எச்சரிக்கை. இதை வாசித்துவிட்டு, பருமனாயிருக்கிற ஒவ்வொருவரையும் பார்த்து, "சின்ன வயசில் உனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கக் கிளம்பிவிடாதீர்கள். பரம்பரை உண்டு, தைராய்டு உண்டு, சில மருந்துகளால் வரும் பருமன் உண்டு, மலிவான எண்ணெயும் சர்க்கரையும் உண்டு. கடினமான சிறுவயதைக் கடந்தும் இந்தக் கட்டில் அகப்படாதவர்கள் அநேகர். எல்லாவற்றையும் ஒரே சாவியால் திறக்கிறவர்களிடம் எங்களுக்கு எப்போதும் கொஞ்சம் பயம்தான், அது மருத்துவத்திலானாலும் பிரசங்கத்திலானாலும்.

இப்போது வேதத்துக்கு வருவோம். இந்தச் சகோதரியின் காரியத்துக்குப் பின் நாங்கள் புதிதாய் வாசித்த இரண்டு பகுதிகளை மாத்திரம் சொல்லுகிறோம்.

முதலாவது யாத்திராகமம் 16ஆம் அதிகாரம். மன்னாவை மறுநாள்வரைக்கும் வைக்கக்கூடாது என்று மோசே சொல்லியும் சிலர் வைத்தார்கள். அது பூச்சிபிடித்து நாற்றமெடுத்தது. இதை அவிசுவாசத்தின் பாடமாகப் பல தடவை பிரசங்கித்திருக்கிறோம். அவர்கள் யார் என்று நின்று யோசித்ததில்லை. எகிப்தில் அடிமைகளாய்ப் பிறந்து, கண்காணிகளின் கைப்பிரம்பின்கீழ் வளர்ந்தவர்கள். வனாந்தரத்திலோ சற்றுமுன்புதான் பட்டினி கிடந்தார்கள். நாளைக்குக் கிடைக்கும் என்று சொன்னால் அவர்கள் கை அதை எப்படி நம்பும்? மோசே கோபப்பட்டார் என்று எழுதியிருக்கிறது. ஒளித்துவைத்தவர்களுக்கு மறுநாள் மன்னா நிறுத்தப்பட்டதாக எழுதியிருக்கவில்லை. அடுத்த காலையிலும் பாளயத்தைச் சுற்றிலும் மன்னா இருந்தது. அதற்கடுத்த காலையிலும் இருந்தது. நாற்பது வருஷம். அடிமை வீட்டின் பயத்தை அவர்களிடத்திலிருந்து எடுக்க அத்தனை காலைகள் தேவனுக்கு வேண்டியதாயிருந்தது. அதே அதிகாரத்தின் கடைசியில், ஒரு ஓமர் மன்னாவைக் கலசத்தில் எடுத்துத் தலைமுறைதோறும் கண்ணுக்கு முன்பாக இருக்கும்படி வைக்கச் சொன்னவரும் கர்த்தர்தான். அது கெட்டுப்போகவில்லை.

இரண்டாவது மேவிபோசேத். யோனத்தானுடைய குமாரன். தகப்பனும் பாட்டனும் யுத்தத்தில் மடிந்த செய்தி வந்தபோது அவனுக்கு ஐந்து வயது. தாதி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஓடுகிற அவசரத்தில் பிள்ளை விழுந்தான். இரண்டு கால்களும் முடமாயின. தாதி துஷ்டப் பெண் அல்ல என்பதைக் கவனிக்கவேண்டும். அவனைக் காப்பாற்றத்தான் ஓடினாள். பிள்ளைகளைக் காயப்படுத்துகிறவர்கள் எல்லாரும் கொடியவர்கள் அல்ல. அவசரம், பயம், வறுமை இவைகளும் பிள்ளையைக் கைநழுவ விடுகின்றன. எங்கள் சகோதரியே ஒருநாள், "அந்த அம்மாவுக்கும் எட்டு வாயி இருந்திச்சில்ல ஐயா" என்று சொன்னார். அதைச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு, எங்களுக்கு இல்லை. நான்கு வயதுக் குழந்தையைக் கெடுத்த தகப்பனுக்கு இந்த நியாயம் பொருந்தவும் பொருந்தாது.

பல வருஷங்களுக்குப் பின்பு தாவீது அவனை லோதேபாரிலிருந்து அழைப்பித்தார். அவன் நடுங்கிக்கொண்டே வந்து, தன்னைச் செத்த நாய்க்குச் சமமாகப் பேசினான். ராஜா அவனைக் கேள்வி கேட்கவில்லை. யோனத்தானினிமித்தம், தம்முடைய பந்தியில் நித்தம் போஜனம்பண்ணச் சொன்னார். அந்த அதிகாரம் எப்படி முடிகிறது தெரியுமா? அவன் ராஜாவின் பந்தியில் சாப்பிட்டுவந்தான் என்பதோடு, அவனுக்கு இரண்டு காலும் முடம் என்பதையும் சேர்த்துச் சொல்லி முடிகிறது. பந்தியில் உட்கார்ந்ததால் கால் நேராகவில்லை. கால் நேராகட்டும், பிறகு உட்காரலாம் என்று தாவீதும் சொல்லவில்லை.

பிரியமானவர்களே, உங்களில் பலர் ஞாயிறு பள்ளி நடத்துகிறீர்கள். சிலர் மாணவர் விடுதிகளையும் அநாதைப் பிள்ளைகளின் இல்லங்களையும் தாங்குகிறீர்கள். நாங்களும் விடுதியில் வளர்ந்தவர்கள்தான். மணி அடிப்பதற்குமுன் தட்டோடு வரிசையில் நின்ற காலத்தை மறக்கவில்லை. குற்றம் செய்தவனுக்கு இரவுச் சாப்பாடு கிடையாது என்கிற தண்டனையையும் பார்த்திருக்கிறோம். மண்டியிடச் செய்வதைவிட இது இலேசானது என்று அந்நாளில் பெரியவர்கள் நினைத்தார்கள். தயவுசெய்து சாப்பாட்டைத் தண்டனையாக்காதீர்கள். சாப்பாட்டை அன்புக்குப் பதிலாகவும் கொடுக்காதீர்கள். அழுகிற பிள்ளையின் வாயில் மிட்டாயைப் போட்டு அழுகையை அடைக்கிறபோது, நாம் அதற்கு என்ன கற்றுக்கொடுக்கிறோம் என்று யோசியுங்கள். பருத்த பிள்ளைக்குச் சபையில் பட்டப்பெயர் வைப்பதும், ஐக்கிய விருந்தில் அவன் தட்டைப் பார்த்துச் சிரிப்பதும் நம் நடுவில் சாதாரணம். சிரிப்பவர்களில் குருவானவர்களும் உண்டு.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. காமராஜர் 1956இல் தொடங்கிய மதிய உணவும், 1982இல் விரிவுபட்ட சத்துணவுத் திட்டமும் பிள்ளைகளின் எடையைக் கூட்டினதோடு நிற்கவில்லை என்று நினைக்கிறோம். நாளைக்கும் மத்தியானத்தில் தட்டு நிறையும் என்கிற நிச்சயத்தைக் கொடுத்தன. அந்த நிச்சயம் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காது.

பிள்ளை ஒன்று உங்களிடம் வந்து, தனக்குப் பாலியல் கொடுமை நேர்ந்ததாகச் சொன்னால், நம்புங்கள். குடும்ப மானம், சபை மானம் என்று மூடிவைக்காதீர்கள். 2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி, அறிந்தும் அறிவியாமலிருப்பது குற்றம். 1098 என்ற சிறார் உதவி எண்ணில் எந்நேரமும் தெரிவிக்கலாம்.

அந்தச் சகோதரிக்கு வருகிறோம். ஆயா சொன்னதைக் கேட்டபின் மருத்துவரும் வார்டு சிஸ்டரும் உணவியல் ஆலோசகரும் கூடிப் பேசினார்கள். மெத்தையைத் தூக்கிப் பார்ப்பது நிறுத்தப்பட்டது. என்னென்ன உணவு, எந்தெந்த மணிக்கு வரும் என்று ஒரு அட்டையில் எழுதிப் படுக்கைக்கு எதிரே மாட்டினார்கள். நேரம் தவறக்கூடாது என்று சமையலறைக்குக் கண்டிப்பாகச் சொல்லப்பட்டது. இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடக்கூடும். கையருகே கொஞ்சம் குளுக்கோஸ் வைத்திருக்கும்படி மருத்துவர்களே சொல்வதுண்டு. ஆகவே சிஸ்டர் அவருக்கு ஒரு சிறு எவர்சில்வர் டப்பா கொடுத்து, அதில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்றும் இரண்டு பிடி வறுத்த கொண்டைக்கடலையும் போட்டு, "இது உங்களுது. யாரும் எடுக்கமாட்டாங்க" என்று சொல்லி அவருடைய அலமாரியிலேயே வைத்தார். முதல் இரண்டு இரவும் டப்பா காலியாயிற்று. சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல் மறுபடி நிரப்பினார். மூன்றாம் இரவு பாதி மீந்தது.

அவர் சொஸ்தமாகிவிட்டார் என்று எழுதினால் அது பொய்யாகும். எடை கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது. வீட்டில் சண்டை வந்த இரவுகளில் இன்றும் எழுந்து அடுப்படிக்குப் போவதுண்டு என்று ஒளிவில்லாமல் சொல்லுகிறார். ஆனால் சர்க்கரை இறங்கிற்று, புண் மூடிற்று, மீதி விரல்கள் தப்பின. மாதம் ஒருமுறை பாதப் பரிசோதனைக்கு வருகிறபோது எங்களோடு அரைமணி நேரம் பேசிவிட்டுப் போகிறார். முன்பு நாங்கள் பேச அவர் கேட்பார். இப்போது அவர் பேச நாங்கள் கேட்கிறோம். நாங்கள் அந்தப் பதினொரு நாட்களுக்காக மன்னிப்புக் கேட்டோம். "நீங்க என்ன ஐயா, நல்லதுதான சொன்னீங்க" என்றார். அது எங்களுக்கு ஆறுதலாயிருக்கவில்லை.

இப்போது நீரிழிவு வார்டில் சேருகிறவர்களிடம், வழக்கமான கேள்விகளோடு, சிறுபிராயத்தில் வீட்டில் சாப்பாடு எப்படி, யார் வளர்த்தார்கள் என்றும் கேட்கிறோம். சொல்ல விரும்பாதவர்களை வற்புறுத்துவதில்லை. சொல்ல ஆரம்பித்தவர்களை நடுவில் நிறுத்துவதும் இல்லை. அதுதான் சிரமமாயிருக்கிறது, இருபது படுக்கை உள்ள பொது வார்டில், திரைச்சீலைக்கு அந்தப்புறம் அடுத்த நோயாளியின் உறவினர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, ஒருவர் எதைச் சொல்லுவார்? இதற்கென்று பயிற்சிபெற்ற ஆலோசகர் ஒருவரை வாரத்தில் மூன்று நாள் வரவழைக்க விரும்புகிறோம். அவருடைய சம்பளத்துக்கான தேவையைத் தனித்தாளில் குறித்திருக்கிறோம். பாரப்படுகிறவர்கள் ஏழை நோயாளிகள் நிதிக்கு அனுப்பும்போது அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். அந்த இரவு ஆயா வருகிற மார்ச் மாதம் ஓய்வுபெறுகிறார், அவருக்காகவும் ஜெபியுங்கள். வார்டின் கடைசியிலிருந்த பழைய துணி அறையை ஒழித்து, வெள்ளையடித்து, இரண்டு நாற்காலி போட்டாயிற்று. கதவு மட்டும் இன்னும் போடவில்லை. தச்சர் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.